வெயில் படாத பலகணியில் குட்டை மருள்: பதினெட்டு மாத அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வசிக்கும் தொடர்மாடியின் பின்பக்கப் பலகணிக்கு நேர் எதிரே இன்னொரு தொடர்மாடி எழுந்து நிற்பதால், அங்கே வெயில் என்று சொல்லத்தக்க எதுவும் விழுவதில்லை. குரோட்டன் அங்கே நிறம் வெளிறியது. ரோசா இரண்டே மாதங்களில் பட்டுப்போனது. இவற்றுக்குப் பிறகு, நிழலைத் தாங்கும் என்று சொன்னதை நம்பி, புறநகரிலுள்ள ஒரு பூங்கன்று விற்பனை நிலையத்தில் சன்சிவேரியா ஹானி என்ற குட்டை மருள் வகையில் இரண்டு கன்றுகள் வாங்கினேன். முழுப் பச்சைக் கன்றுக்கு 600 ரூபாவும் பொன் விளிம்புக் கன்றுக்கு 1,100 ரூபாவும் கொடுத்தேன்.

நம் நாட்டில் இயற்கையாகவே வளரும் மருளுக்கு இது நெருங்கிய உறவு. சிங்களத்தில் நியந்த எனப்படும் அந்த மருளின் நாரில் முன்னாளில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். ஹானியின் தாய்ச் செடியோ மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது. நெடிதாக வளரும் அந்த இனத்தில் தற்செயலாகத் தோன்றிய குட்டை வடிவம் 1939இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் கண்டெடுக்கப்பட்டு, 1941இல் காப்புரிமை பெற்றது. இலைகள் பறவைக்கூடு போல வட்டமாக அடுக்கிக்கொள்ளும். உயரம் ஒரு சாணைத் தாண்டுவது அரிது. ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நிற்பதும், சிறிய சாடியே போதும் என்பதும் இடமில்லாத வீட்டுக்கு மிகப் பொருத்தம்.

விற்பனை நிலையத்தில் இதன் மேல் ‘இரவிலும் ஒட்சிசன் தரும் செடி’ என்று எழுதிய அட்டை இருந்தது. அது சரியல்ல. இச்செடி இரவில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்வாங்கி, அமிலமாகச் சேமித்துவைத்து, பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு ஒளித்தொகுப்பை நடத்துகிறது. ஒளியின் உதவியால் நீர் பிளக்கப்படும்போதுதான் ஒட்சிசன் உண்டாகும் என்பதால், இருட்டில் அது வெளிவர வழியே இல்லை. ஆனால் வாங்குபவருக்கு உண்மையிலேயே பயன்படும் செய்தி இதே இயல்பில்தான் இருக்கிறது: பகல் வெப்பத்தில் இலைவாய்கள் மூடியிருப்பதால் செடி நீரை மிகக் குறைவாகவே இழக்கிறது; ஆகவே அதற்கு மிகக் குறைவாகவே நீர் வேண்டும்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கன்றுகள் நீரைப் பிடித்துவைக்கும் தும்புத்தூளில் மட்டுமே நடப்பட்டிருந்தன. நானும் அப்படியே வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் ஊற்றினேன். ஐப்பசி மழை தொடங்கிப் பலகணியில் சாரல் அடித்த மூன்றாவது வாரத்தில், பொன் விளிம்புக் கன்றின் வெளியிலைகள் அடியில் மெத்தென்றாகி, தொட்டவுடன் கையோடு வந்தன. கொழும்பில் இச்செடியைக் கொல்வது நிழல் அல்ல, ஈரம் என்பதை அன்று புரிந்துகொண்டேன். இரண்டையும் பிடுங்கி, அழுகிய வேர்களை வெட்டி, ஒருநாள் உலரவிட்டு, பருமணலும் செங்கல் துண்டுகளும் பாதிக்குப் பாதி கலந்த மண்ணில், அடியில் துளையுள்ள மண்சாடிகளில் நட்டேன். இப்போது மண் முழுவதும் காய்ந்த பிறகே நீர் ஊற்றுகிறேன். மழைக்காலத்தில் மூன்று வாரங்கள் ஊற்றாமலே விட்டதும் உண்டு. அதன்பின் ஓர் இலைகூட அழுகவில்லை. இலைக்கூட்டின் நடுக்குழியில் தேங்கும் சாரல் நீரை மட்டும் சாடியைச் சாய்த்து வடித்துவிடவேண்டும். அழுகலுக்காக மட்டுமல்ல, டெங்கு நுளம்புக்கு அவ்வளவு நீரே போதும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

உதிர்ந்த பொன் விளிம்பு இலைகளின் நல்ல பகுதிகளைத் துண்டுகளாக்கி மணலில் ஊன்றினேன். வேர் பிடித்து, மாதங்கள் கழித்து முளைத்த மூன்று கன்றுகளும் முழுப் பச்சையாகவே வந்தன. ஏமாற்றமாக இருந்தாலும், காரணம் அறிந்தபோது வியப்பே மிஞ்சியது. பச்சையம் இல்லாத கலங்களும் உள்ள கலங்களும் தனித்தனிப் படைகளாக அமைந்திருப்பதால்தான் அந்த விளிம்பு தோன்றுகிறது. இலைத் துண்டிலிருந்து எழும் முளையோ அந்த அடுக்கமைப்பை மீட்டெடுப்பதில்லை. நிறத்தைக் காக்க வேண்டுமானால், கிழங்கிலிருந்து எழும் பக்கக்கன்றையே பிரித்து நடவேண்டும்.

நிழலைத் தாங்கும் என்ற வாக்கை இச்செடி காப்பாற்றியிருக்கிறது என்றே சொல்வேன். ஆனால் வளர்ச்சி மிக மெதுவானது: பதினெட்டு மாதங்களில் பச்சைக் கன்று ஆறு இலைகளையும் ஒரு பக்கக்கன்றையும் மட்டுமே தந்தது. பொன் விளிம்பும் ஆழ்நிழலில் சற்று மங்கி, சாடியைப் பலகணியின் ஓரத்துக்கு நகர்த்திய பிறகே துலங்கியது. பூனை, நாய் வளர்ப்பவர்கள் அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். இலையைத் தின்றால் வாந்தி எடுக்கும்.

பச்சை வகைக்கு 600 ரூபா தாராளமாகக் கொடுக்கலாம். பொன் விளிம்புக்கு 1,100 ரூபா கொடுப்பவர்கள், செடியின் அடியிலுள்ள மண்ணை விரலால் சற்று விலக்கி, பக்கக்கன்று ஒன்றாவது எட்டிப் பார்க்கிறதா என்று கவனித்து வாங்குவது நல்லது. வீட்டுக்கு வந்த அன்றே தும்புத்தூளை உதறி மண்ணை மாற்றிவிடவும் வேண்டும்.