“மிஷினு வந்துருச்சா?”: பாட்காஸ்ட் ஆரம்பித்து இரண்டு வருஷம்

எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் செய்யலாம் என்று 2022 ஜூனில் தோன்றியது. முதல் எபிசோட் வந்தது 2023 ஏப்ரலில். இடைப்பட்ட பத்து மாதமும் நான் சும்மா இருக்கவில்லை, அதுதான் வினையே. எக்ஸெல் ஷீட்டில் 34 தலைப்பு, நிகழ்ச்சிக்குப் பதினொரு பெயர், நான்கு லோகோ. ராத்திரி ஒரு மணி வரை மைக் ஒப்பீட்டு வீடியோக்கள். வேலை நடக்கிற மாதிரியே இருக்கும். ஆனால் ஒரு நிமிஷம்கூடப் பதிவு செய்திருக்க மாட்டேன்.

முதல் எபிசோடுக்கு நான் மனசில் வைத்திருந்தது எங்கள் ஊரின் பழைய நீர்க்கட்டியை. மடை திறந்து, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சி, அறுவடையில் நெல்லாகக் கூலி வாங்கியவர். டீக்கடையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “என்னப்பா, மிஷினு வந்துருச்சா?”

“மைக் வந்துருச்சு தாத்தா, ஸ்டாண்டு வரல.”

ஸ்டாண்டு வந்தது. அப்புறம் சுவரில் ஒட்டும் ஃபோம் வரவில்லை என்றேன். ஒருநாள் அவரே, “நாளைக்கு மக வீட்டுக்குத் திருப்பூர் போறேன், வர மாசமாகும்” என்றார். வேறு வழியில்லை. அன்று சாயங்காலம் கண்மாய்க் கரையிலேயே கையிலிருந்த போனில் பதிவு செய்தேன். 22 நிமிஷம். ஆடு கத்துகிறது, நாலு நிமிஷம் வெறும் காற்று இரைச்சல். ஆனால் கண்மாய்க்குள் தண்ணீருக்கடியில் இருக்கும் மதகான குமிழித்தூம்பை மூழ்கித் திறக்கும்போது காதடைப்பது எப்படி இருக்கும் என்று அவர் சொன்னது தெளிவாகவே விழுந்திருந்தது.

கதை அதோடு முடியவில்லை. எடிட்டிங்கில் இன்னும் ஐந்து வாரம் இழுத்தேன். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளைத் திறப்பேன், பதிவைக் காட்டும் அந்த நீல அலையைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். என் குரலைக் கேட்கவே கூச்சம். நாம் பேசும்போது நம் குரல் காது வழியாக மட்டுமின்றி மண்டையெலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது. பதிவில் அந்த எலும்பு வழி கிடையாது, அதனால்தான் யாரோ பேசுவது போல ஒல்லியாகத் தெரிகிறது. ஊருக்கெல்லாம் அதுதான் என் குரல் என்று புரிந்ததும் கூச்சம் பாதி போனது. மீதியைப் போக்கியது 25 நிமிஷ அலாரம். பிரான்செஸ்கோ சிரில்லோவின் தக்காளி டைமர் முறைதான், புதிதாக ஒன்றுமில்லை. ஒரு அலாரத்துக்கு ஒரே வேலை: இன்று முன்னும் பின்னும் வெட்டுவது மட்டும். நாளை இரைச்சல் குறைப்பது மட்டும்.

இரைச்சல் குறைப்பில் நான் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். பேச்சில்லாத சில விநாடிகளைத் தேர்ந்து, அதை மாதிரியாகக் காட்டிவிட்டு, அப்புறம் முழுப் பதிவுக்கும் போட வேண்டும். நான் ஆசைக்கு மூன்று முறை போட்டேன். தாத்தா தூம்புக்குள்ளிருந்தே பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஒரே முறை, லேசாக.

ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கிய கண்டென்சர் மைக் இப்போது பரணில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். சத்தம் அடக்கிய அறைக்கானது அது. என் வீட்டிலோ பக்கத்து வீட்டு மிக்ஸி, ஃபேன், தெருவில் போகும் ஆட்டோ என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷமாக உழைப்பது ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய காலர் மைக்தான். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, விலை அப்புறம்தான். முன்னுரை பேச மட்டும் அம்மாவின் புடவை பீரோவைத் திறந்து அதற்குள் தலையை நீட்டிக்கொள்வேன். எதிரொலி இருக்காது, நாப்தலின் வாசனைதான் தாங்காது. பதிவுக்கு முன் போனை ஏரோப்ளேன் மோடில் போடுவது மூன்றாவது எபிசோட் கற்றுக்கொடுத்தது. நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றதைக் கவனிக்காமல், நானும் எதிரில் இருந்தவரும் பத்து நிமிஷம் காற்றோடு பேசிக்கொண்டிருந்தோம்.

அட்டைப்படம் ஒரு மடையின் போட்டோ. 1400-இலிருந்து 3000 பிக்சல் வரை சதுரமாக இருந்தால் ஆப்பிளில் ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்குப் போய் நான்கு லோகோ!

வாரம் ஒன்று என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். அந்தக் கணக்குப்படி நூறைத் தாண்டியிருக்க வேண்டும், வந்தது 31. அறிவித்துவிட்டால் செய்துவிடுவோம் என்பது என் விஷயத்தில் எடுபடவில்லை. சொன்ன திருப்தியிலேயே இரண்டு வாரம் ஓடிவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று பேரிடம் பேசி வைத்துக்கொள்வதுதான் உதவுகிறது. அப்படியும் போன வருஷம் மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. திரும்ப ஆரம்பிக்க முதல் தடவை போலவே கை நடுங்கியது. எட்டு நிமிஷத்தில் ஒரு எபிசோட் போட்டுத்தான் மீண்டேன்.

காலர் மைக்கின் வயர் ஓரிடத்தில் பிய்ந்து, இன்சுலேஷன் டேப் சுற்றி ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மடைப் பலகை செய்யும் ஆசாரி ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார். மழை பெய்தால் வேண்டாம் என்றார். பெய்தால் நல்லது, கண்மாயில் இன்னும் கால்வாசிகூடத் தண்ணீர் இல்லை.