வால்வு ஓவர்டிரைவ் பெடல்: 12 வோல்ட்டில் ஓட்டுவதா, 250 வோல்ட்டில் ஓட்டுவதா?

என் மேசையில் கிதார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் இரண்டு ஓவர்டிரைவ் பெடல்கள் இருக்கின்றன. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே வகை வால்வு (ட்யூப் என்றும் சொல்லும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்): 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயரில் ஈசிசி83. இரண்டும் நானே சால்டர் வைத்துக் கட்டியவை. வெளியே இரண்டுக்கும் ஒரே 12 வோல்ட் அடாப்டர்தான். முதல் பெட்டியில் வால்வின் பிளேட்டுக்கும் (எலெக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) அதே 12 வோல்ட்தான் போகிறது. இரண்டாவதில் அதை உள்ளேயே 250 வோல்ட்டாக உயர்த்திப் பிளேட்டுக்குக் கொடுக்கிறேன். இரண்டு வருடம் மாற்றி மாற்றி வாசித்த பிறகு இப்போது நான் தினமும் செருகுவது 250 வோல்ட் பெட்டியைத்தான்.

கடையில் வாங்குபவர்களுக்கும் இதே கேள்விதான். 'உண்மையான ட்யூப்' என்று மேலே எழுதி, கண்ணாடி ஜன்னல் வழியாக வால்வைக் காட்டும் பெடல்களில் கணிசமானவை குறைந்த வோல்ட்டேஜ் கொடுத்துப் பிளேட்டைப் பட்டினி போடுபவை. பிளாக்ஸ்டாரின் எச்டி (HT) வரிசை போன்ற சில பெடல்கள்தான் உள்ளே 300 வோல்ட் அளவுக்கு உயர்த்திக் கொடுக்கின்றன. ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பிரபலமான ஓவர்டிரைவ் பெடல் இந்தப் பேச்சிலேயே வராது. பெயரில் ட்யூப் இருந்தாலும் உள்ளே இருப்பது ஆப்-ஆம்பும் (சிக்னலைப் பெருக்கும் சில்லு) டயோடுகளும்தான். கோர்க்கும் நோரிட்டாக்கே இட்ரானும் சேர்ந்து 2015-ல் அறிமுகப்படுத்திய நியூட்யூப் என்ற சிறிய வால்வு மூன்றாவது வழி. அதை ஒரே ஒரு மாலை, கடையில் நின்றபடி வாசித்துப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

விலை, எடை, பாதுகாப்பு மூன்றிலும் 12 வோல்ட் பெட்டிக்குத்தான் வெற்றி. பேட்டரி இரண்டிலும் நடக்காது. வால்வின் ஹீட்டர் மட்டுமே 150 மில்லி ஆம்பியர் கேட்கும். பெடல்போர்டுப் பவர் சப்ளைகளில் ஒரு முனைக்கு 100 மில்லி ஆம்பியர் மட்டும் தருபவை நிறைய இருக்கின்றன, எனவே வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். 250 வோல்ட் பெட்டியில் ஒரு 12ஏஎக்ஸ்7-க்குள் இருக்கும் இரண்டு ட்ரையோடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறேன். ட்ரையோடு என்பது எலெக்ட்ரான்களை விடும் கேத்தோடு, அவற்றைக் கட்டுப்படுத்தும் கிரிட், பிளேட் மூன்றும் கொண்ட பெருக்கி. ஒவ்வொன்றுக்கும் பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓம், அதன் குறுக்கே ஒரு கண்டன்சர். பழைய கிதார் ஆம்ப்களில் பார்க்கிற அதே மதிப்புகள். ஒரு கட்டத்தின், அதாவது ஒரு ட்ரையோடின், பெருக்கம் சுமார் 55 மடங்கு. பிக்அப்பிலிருந்து 0.2 வோல்ட் வந்தால் முதல் கட்டம் அதை 11 வோல்ட்டாக்கி இரண்டாவது கிரிட்டிடம் கொடுக்கும். அந்த கிரிட் தாங்கும் அளவு சுமார் ஒன்றேகால் வோல்ட்தான். மேல்பக்கம் போனால் கிரிட் மின்னோட்டம் எடுக்கத் தொடங்கி அலையின் தலையை அமுக்கும். கீழ்ப்பக்கம் போனால் வால்வே அணைந்து வேறு விதமாக வெட்டும். இந்தச் சமமில்லாத வெட்டுதான் நாம் தேடுகிற கரகரப்பு. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே டிரைவ் பாட் (அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இருப்பதால், இரண்டாவது கட்டத்தை எவ்வளவு முட்ட விடுவது என்பது நம் கையில்.

12 வோல்ட்டில் அதே வால்வின் ஒரு கட்டம் எட்டு, பத்து மடங்குக்கு மேல் பெருக்குவதில்லை. அதனால் முன்னால் ஒரு ஆப்-ஆம்ப் வைத்தாக வேண்டும், கரகரப்பில் பெரும்பங்கை அதுவே செய்துவிடும். அது கெட்ட சத்தம் என்று நான் சொல்லமாட்டேன். குறைந்த வோல்ட்டேஜில் வால்வை ஓட்டும் பட்லர் ட்யூப் டிரைவர் பெடலைக் கிதார் கலைஞர்கள் டேவிட் கில்மரும் எரிக் ஜான்சனும் வருடக்கணக்கில் வாசித்திருக்கிறார்கள். என் பெட்டியிலும் கிளீனுக்கு (கரகரப்பில்லாத சத்தத்துக்கு) சற்று மேலே வைத்தால் நன்றாகவே இருக்கும்.

மேல்சுரங்களில்தான் வேறுபாடு தெளிவாகக் கேட்கும். வால்வுக்குள் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே 1.7 பிக்கோஃபாரட் அளவில் ஒரு கொள்ளளவு உண்டு. பெருக்கம் 55 என்றால், கிரிட்டுக்கு அது ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட்டாகத் தெரியும். கிரிட்டுக்கு முன்னால் 470 கிலோ ஓம் வைத்தால் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் தானாக மெல்லக் குறைந்துவிடும். ஓவர்டிரைவில் ஈ மொய்ப்பது போல வரும் 'ஸ்ஸ்' என்ற ஒலி அடங்குவது அதனால்தான். பட்டினி வால்வில் பெருக்கம் குறைவு என்பதால் இந்தக் கொள்ளளவும் 20 பிக்கோஃபாரட் அளவிலேயே நிற்கும். அதே 470 கிலோ ஓம் அங்கே 17,000 ஹெர்ட்ஸ் வரை எதையும் தொடாது. அந்த இரைச்சலைக் குறைக்க நான் தனியாக ஒரு டோன் பில்டர் போட வேண்டியிருந்தது.

ஆனாலும் சத்தம் என்பது அவரவர் காது. நான் முடிவெடுத்தது அதை வைத்து இல்லை, வால்வு மாற்றிய அன்று நடந்ததை வைத்து.

12 வோல்ட் பெட்டியில் ஒரு வருடத்துக்குள் முதல் வால்வு மைக்ரோபோனிக் ஆகிவிட்டது. பெட்டியை விரலால் தட்டினால் ஆம்ப்பில் மணியோசை. சரி, வேறு வால்வு போடலாம் என்று கையிலிருந்த இன்னொரு 12ஏஎக்ஸ்7-ஐ அதில் செருகினேன். வேறு பெடலைச் செருகியது போலாகிவிட்டது. சத்தம் பாதி. சுரம் மங்கும்போது நீண்டு தேயாமல் பட்டென்று நின்றது. மல்டிமீட்டரை வைத்தால், பழைய வால்வில் 5 வோல்ட்டுக்குச் சற்று மேலே நின்ற பிளேட் இப்போது 9 வோல்ட்டை நெருங்கியிருந்தது. மூன்றாவதாக ஒன்றைப் போட்டேன், 3 வோல்ட்.

வால்வுகளில் குறையில்லை. 12 வோல்ட் பிளேட்டில் 12ஏஎக்ஸ்7 எப்படி நடக்க வேண்டும் என்று அதைச் செய்பவர்கள் யாரும் உறுதி சொல்வதில்லை. டேட்டா ஷீட்டில் இருப்பது 100 வோல்ட்டுக்கும் 250 வோல்ட்டுக்குமான கணக்கு. கேத்தோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்களின் தொடக்க வேகம், உலோகப் பரப்புகளின் தன்மை இவற்றால் ஒரு வால்வுக்கும் அடுத்ததற்கும் கிரிட் வோல்ட்டேஜில் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு வேறுபடும். 250 வோல்ட்டில் அது தூசி. 12 வோல்ட்டில் கிரிட்டின் மொத்த நடமாட்டமே ஒரு வோல்ட்டுக்குள்தான் என்பதால், அந்தத் தூசியே எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. போதாததற்கு இந்த வகைச் சுற்றுகளில் பெரும்பாலும் கேத்தோடு நேராகத் தரையில் இருக்கும். பயஸை (சிக்னல் இல்லாதபோது கிரிட் நிற்கும் வோல்ட்டேஜ்) வால்வே தன் கிரிட் மின்னோட்டத்தால் உண்டாக்கிக் கொள்கிறது. தவறினால் திருத்த எதுவும் கிடையாது.

250 வோல்ட் பெட்டியில் அந்த 1.5 கிலோ ஓம்தான் திருத்துகிறது. ஒரு வால்வு கூடுதல் மின்னோட்டம் எடுத்தால் கேத்தோடின் வோல்ட்டேஜ் ஏறும், கிரிட் அதைவிடக் கீழே போகும், மின்னோட்டம் தன்னால் அடங்கும். அதே மூன்று வால்வுகளையும் அதில் போட்டுப் பார்த்தேன். முதல் பிளேட்டில் 160, 165, 172. காதுக்குக் கொஞ்சம் வேறுபாடு உண்டு, ஆனால் பெடல் அதே பெடல்தான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இனி எந்த வால்வு நம் கைக்கு வரும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. புதிதாகத் தயாராகும் வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா மூன்றிலிருந்தே வருகின்றன. 2022-ல் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது விலை எப்படி ஏறியது என்பது வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். நம் ஊரில் வேறொரு வழியும் உண்டு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிகளுக்காக வால்வுகள் செய்தது. பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் டப்பாக்களில் அவை இன்னும் கிடக்கின்றன. எனக்கும் அப்படி ஒரு ஈசிசி83 கிடைத்தது. 250 வோல்ட் பெட்டியில் செருகியதும் பாடியது. 12 வோல்ட் பெட்டியில் அதற்காகப் பிளேட் ரெசிஸ்டரையே எடுத்துவிட்டு 500 கிலோ ஓம் ப்ரீசெட் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) வைத்தேன். இப்போது வால்வு மாற்றினால் பிளேட்டை 6 வோல்ட்டுக்குத் திருகி நிறுத்துகிறேன். கடையில் வாங்கும் பெடலில் இப்படி ஒரு திருகல் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

250 வோல்ட்டுக்கும் பராமரிப்பு உண்டு. 12-ஐ 250 ஆக்கும் ஸ்விட்சிங் சுற்று முதலில் மெல்லிய கீச்சொலி எழுப்பியது. காயிலை உள்ளீட்டு ஜாக்கிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி வைத்து, 10 கிலோ ஓமும் 10 மைக்ரோஃபாரட்டும் சேர்த்த பிறகே அடங்கியது. வெளியே போகும் கண்டன்சர் 630 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். அது கசிந்தால் வால்யூம் பாட் கரகரக்கத் தொடங்கும்; கேட்டதும் மாற்றிவிடுங்கள். ஸ்விட்சிங் சுற்றின் மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் ட்ரான்சிஸ்டர்) எத்தனை வருடம் தாங்கும் என்பதை என் இரண்டு வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது. மேடையில் வாசித்ததும் நான்கைந்து தடவைதான். லாரியில் ஏற்றி இறக்கும் குழுக்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

பாதுகாப்பை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 250 வோல்ட் நிற்கும். அதன் குறுக்கே 470 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் காத்திருந்து, மல்டிமீட்டரில் பூஜ்யத்துக்கு அருகில் வந்ததைப் பார்த்த பிறகே உள்ளே கை வைப்பேன், அதுவும் ஒரு கை மட்டும்.

அதனால்தான் முதல்முறையாகச் சால்டர் பிடிப்பவர் கேட்டால் 12 வோல்ட் பெட்டியைத்தான் கட்டச் சொல்வேன். அதிலும் 12ஏஎக்ஸ்7 வேண்டாம், 12ஏயூ7 போடுங்கள். பெருக்கம் குறைவுதான், ஆனால் குறைந்த வோல்ட்டேஜில் அது இன்னும் தாராளமாக மின்னோட்டம் விடும். என் அக்கா மகன் போன மாதம் அப்படித்தான் ஒன்றைத் தொடங்கியிருக்கிறான். ப்ரீசெட் வைக்கும் இடத்தை மட்டும் போர்டில் முதலிலேயே ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.