பூனை குட்டி போட: அட்டைப்பெட்டியா, பிளாஸ்டிக் கூடையா?

பூனைக்கு வயிறு தொங்க ஆரம்பித்ததும் வீட்டில் வரும் சண்டை இது. சினைக்காலம் சுமார் 63 நாள், யோசிக்க நேரம் இருக்கிறது.

செலவு: அட்டைப்பெட்டி மளிகைக் கடையில் சும்மாவே கிடைக்கும். கூடைக்குக் காசு, பழைய துணிக்கூடை இருந்தால் அதுவும் இல்லை.

சுத்தம்: பிரசவத்தில் ரத்தமும் நீரும் பட்டு அட்டை ஊறிவிடும், அடுத்த நாளே நாறும். கூடையைக் கழுவி வெயிலில் காயவைத்தால் சரி.

கதகதப்பு: இதில்தான் அட்டை ஜெயிக்கிறது. பிறந்த குட்டிகளுக்கு முதல் சில வாரம் உடம்புச் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாது, கூடையிலோ ஓட்டை ஓட்டையாகக் காற்று வரும்.

பூனையின் விருப்பம்: அதற்கு இருட்டு வேண்டும். அம்மாவின் பழைய காட்டன் புடவையை மெத்தை மாதிரி மடித்துப் போட்ட கூடையை எங்கள் பூனை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, பரண் அடியில் கிடந்த மிக்ஸி பெட்டிக்குள் திணறித் திணறி நுழைந்து நாலு குட்டி போட்டது. புடவை வீண்.

பிரசவத்துக்கும் முதல் இரண்டு வாரத்துக்கும் அகலமான அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள், மேலே பழைய துணி. குட்டிகள் தவழ்ந்து வெளியே வர ஆரம்பித்ததும், அல்லது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக, மூடியுள்ள கூடை.