மன்னார் வளைகுடாவா, கம்பாத் வளைகுடாவா? கடல் காற்றாலை முதலீட்டுக்கு ஏற்ற கரை எது?

கடல்சார் காற்றாலைகளுக்கான தேசியக் கொள்கை 2015-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தும், இந்தியக் கடலில் இதுவரை ஒரு காற்றாலைகூட வணிக முறையில் சுழலவில்லை. இத்தொழில் எங்கே முதலில் வேர்விடும் என்ற கேள்விக்கு இரண்டு விடைகளே உள்ளன: குஜராத்தின் கம்பாத் வளைகுடா, குமரி முனையையும் மன்னார் வளைகுடாவையும் ஒட்டிய தமிழ்நாட்டின் தென்கடல். இயற்கை தமிழ்நாட்டின் பக்கமே நிற்கிறது என்பதும், முதலீட்டாளரைத் தயங்க வைப்பது இங்குள்ள காற்றல்ல, மின்சாரத்துக்கான பணம் காலத்தில் வந்து சேருமா என்ற ஐயமே என்பதும் என் கருத்து.

குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு அப்பால் 2017 முதல், லேசர் ஒளியால் காற்றின் வேகத்தைக் கணிக்கும் லைடார் கருவி கொண்டு அளந்ததில், சராசரிக் காற்று வேகம் விநாடிக்கு சுமார் 7.5 மீட்டர் எனத் தெரியவந்தது. தென்தமிழகக் கடலிலோ 9 மீட்டரும் அதற்கு மேலும் மதிப்பிடப்படுகிறது. ஒன்றரை மீட்டர்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு (வேகத்தை மூன்று முறை பெருக்கி வரும் அளவுக்கு) ஏற்பக் கூடுவதால், 7.5 மீட்டர் 9 ஆகும்போது ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிறது. இறக்கைகள் அதை முழுவதும் மின்சாரமாக்கிவிடாது என்றாலும், இருபத்தைந்து ஆண்டுக் கணக்கில் யூனிட் விலையை இந்த வேறுபாடே தீர்மானிக்கும். சூரிய மின்சாரம் ஏலத்தில் மூன்று ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் நாளில், இந்த அனுகூலம் சிறிதல்ல.

கடலடியிலும் குஜராத்துக்குச் சிக்கல் உண்டு. கம்பாத்தின் ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அடிமண்ணில் இளகிய களிமண் அடுக்குகள் இருப்பதால் அடித்தூண்களை ஆழமாக இறக்க வேண்டியிருக்கும். புயல் அபாயம் இரு கரைக்கும் பொது: 2017-இல் ஒக்கி குமரிக் கடலைக் கலக்கியது, 2021-இல் தவ்தே சௌராஷ்டிரக் கரையைத் தாக்கியது.

துறைமுகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. தூத்துக்குடி காற்றாலை இறக்கைகளை ஏற்றி அனுப்பிப் பழகிய துறைமுகம் என்பது தமிழ்நாட்டுக்குச் சற்றே கூடுதல் பலம்.

பணத்துக்கு வரும்போது தராசு சாய்கிறது. குஜராத்தின் மின்பகிர்மான நிறுவனங்கள் மத்திய மின்துறையின் ஆண்டுத் தரவரிசையில் தொடர்ந்து முன்வரிசையில் இருக்க, தமிழ்நாட்டின் மின்வாரியம் பெருங்கடனோடு கீழ்வரிசையில் இருந்துவந்துள்ளது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் தரைக் காற்றாலை வைத்தவர்கள் நிலுவைத் தொகைக்காகக் காத்திருந்த கதை இத்தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆடி மாதத்தில் காற்று உச்சத்தில் இருக்கும்போது தரைக் காற்றாலைகளின் மின்சாரமே வாங்குவாரின்றித் தேங்கிய பருவங்களும் உண்டு. கடல் காற்றாலையும் அதே பருவத்தில்தான் மிகுதியாகச் சுழலும். வடகிழக்குப் பருவக்காற்று இந்தக் குறையை ஓரளவுதான் ஈடுசெய்யும்.

2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 7,453 கோடி ரூபாயில், 6,853 கோடி இரு மாநிலங்களிலும் தலா 500 மெகாவாட் அமைக்க மானியமாகவும், 600 கோடி இரண்டு துறைமுகங்களை மேம்படுத்தவும் ஒதுக்கப்பட்டது. அதன்பின் குஜராத்தின் 500 மெகாவாட்டுக்கு விடப்பட்ட டெண்டரும், அதற்கு முன்பே தமிழகக் கடலில் மானியமின்றி 4,000 மெகாவாட்டுக்குக் கடற்பரப்பைக் குத்தகைக்கு விட அழைத்த டெண்டரும் 2025-இல் ரத்தாயின. பணம் தரும் கை நல்ல கையாக இருந்தாலும் நடுத்தரக் காற்றுக்கு ஆள் வரவில்லை. நல்ல காற்று இருந்தாலும் வாங்குபவர் யார் என்று தெரியாத இடத்துக்கும் ஆள் வரவில்லை.

இவ்விரண்டில் திருத்தக்கூடியது பின்னதே. 2032 இறுதிக்குள் இயங்கத் தொடங்கும் கடல் காற்றாலைகளுக்கு மாநிலங்களுக்கிடையிலான மின்கடத்தல் கட்டணம் கிடையாது என்பதால், குமரிக் கடலின் மின்சாரத்தை மத்திய நிறுவனம் ஒன்று வாங்கிப் பிற மாநிலங்களுக்கும் விற்றால் மின்வாரியத்தின் கடன் முதலீட்டாளரின் தலைவலியாக இராது. குஜராத்தின் காற்றை எந்த ஒப்பந்தத்தாலும் வேகப்படுத்த முடியாது.

ஆயினும் தென்கடல் வெற்றுப் பரப்பன்று. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட தேசியக் கடற்பூங்கா இருக்கிறது. கடற்பசு மேயும் புல்வெளிகளும் அங்கேதான். குமரி முதல் தூத்துக்குடி வரையிலான நாட்டுப்படகு மீனவர்கள் வலைவிரிக்கும் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) மேல் தூண் நடுவதற்கு முன், எந்த வழி படகு போகும், எத்தனை தொலைவுக்குள் வலை விடலாம், இழப்பு நேர்ந்தால் யார் ஈடு தருவார் என்பதை ஊர் ஊராக உட்கார்ந்து பேசி எழுத்தில் தர வேண்டும். அடுத்த டெண்டரில் இதற்கான காலமும் செலவும் தனியே குறிக்கப்பட்டால், முதல் 500 மெகாவாட்டை நான் தயங்காமல் தமிழகக் கடலுக்கே பரிந்துரைப்பேன்.