கொதிகலன் விரிசல்: சாயச் சோதனையா, காந்தத் துகளா?

நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் நெருப்புக்குழாய்க் கொதிகலனைத் திறந்தால், சூடான பக்கத்து டியூப் பிளேட்டை, அதாவது குழாய் நுனிகள் பொருந்தும் துளைத் தகட்டை, முதலில் பாருங்கள். துளைக்குத் துளை ஓடும் மயிரிழை விரிசல் அங்கேதான் பிறக்கும்.

சாயத்தை விரிசலுக்குள் ஊறவிட்டு, மேற்பரப்பைத் துடைத்து, உள்ளிருந்து கசிவதைப் பார்ப்பது சாயச் சோதனை. அதற்கு மூன்று ஸ்பிரே டின் போதும், மின்சாரம் வேண்டாம். ஆனால் வாய் திறந்த விரிசலை மட்டுமே அது காட்டும். விரிசலைக் காரைப் படிவு அடைத்திருந்தால் சாயம் இறங்காது. கிரைண்டர் போட்டாலோ உலோகம் இழுபட்டு வாயே மூடிவிடும். வழக்கமான 10–20 நிமிட ஊறல், பிளேட் 10 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் சரி. ஜனவரி விடியலில் அவசரப்படாதீர்கள், வெயில் ஏறட்டும். கரைப்பானைத் துணியில் நனைத்தே துடையுங்கள். நேரே அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவுண்டுவிடும்.

கார்பன் எஃகுப் பிளேட் என்றால் எங்கள் தெரிவு, பிளேட்டைக் காந்தமாக்கி இரும்புத் துகள் தூவிப் பார்க்கும் காந்தத் துகள் சோதனைதான். அழுக்கு அடைத்த விரிசலையும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். காந்தப் புலத்துக்குக் குறுக்கே கிடக்கும் விரிசலே துகளை இழுக்கும் என்பதால், ஒவ்வோர் இடத்திலும் யோக்கை (காந்தமாக்கும் கை மின்காந்தத்தை) 90 பாகை திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். ஏசி யோக் 4.5 கிலோ இரும்பைத் தூக்குகிறதா என்று முன்பே சோதியுங்கள். காந்தம் ஒட்டாத 304, 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கு இது உதவாது, அங்கே சாயம்தான்.

எதில் பார்த்தாலும், குழாய் நுனியைச் சுற்றிய முழு வட்டக் கோடு பெரும்பாலும் குழாயை விரித்துத் துளையில் இறுக்கிய மூட்டின் இடுக்கு. துளையிலிருந்து வெளிநோக்கி நீளும் கோட்டைத்தான் சோக்கால் குறிக்க வேண்டும்.