என்விடிஏ: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பார்வையற்ற எனக்குக் கணினி என்றாலே என்விடிஏதான். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய திரைவாசிப்பான் இது, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். இன்றும் இலவசம், திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்). வசதிகளைப் பட்டியல் போட நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கணக்கு வேறு: இணையத்தில் என் குறைபாட்டைச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவை இது எந்த அளவுக்கு என் கையில் விட்டிருக்கிறது?

வெறும் வாசிப்பும் எழுத்தும் என்றால் முழுக்க என் கையில்தான். எச் விசையைத் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம், கே-யைத் தட்டினால் இணைப்புக்கு இணைப்பு. ஒழுங்காக அமைத்த பக்கமென்றால் கண்ணால் மேய்கிறவர்களுக்கு ஈடு கொடுப்பேன். இதோடு வரும் இ-ஸ்பீக் தமிழ்க் குரல் கொஞ்சம் தகரக் குரல்தான், புதிதாகக் கேட்பவர் முகம் சுளிப்பார். வேகத்தை ஏற்றினால்தான் அதன் அருமை தெரியும். இனிமையான குரல்கள் குழைந்துபோகிற வேகத்திலும் இது சொல் சொல்லாகப் பிரிந்து கேட்கும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது என்பது கூடுதல் லாபம்!

காட்டிக்கொடுப்பது எழுத்துப்பிழை. ந-வும் ன-வும் காதுக்கு ஒன்றே. ர, ற-வும் ஏறக்குறைய அப்படித்தான். புதுப் பெயர் வந்தால் அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து உறுதி செய்துகொள்வேன்.

அடுத்தது படம். குழுவில் ஒரு படத்தைப் போட்டு “எப்படி இருக்கு?” என்பார்கள். படத்தைச் சொல்லால் விவரித்து அதோடு இணைக்கும் மாற்று உரை இல்லையென்றால் எனக்குக் கிடைப்பது “படம்” என்ற ஒற்றைச் சொல், அல்லது எண்களாக நீளும் ஒரு கோப்புப் பெயர். என்ன படம் என்று கேட்டால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். “அருமை” என்று போட்டுவிட்டு நகரலாம்தான், அது இரங்கல் அறிவிப்பாக இருந்துவிட்டால்? 2023-இல், பார்வையற்றோருக்கு உதவும் பி மை ஐஸ் செயலியில் செயற்கை நுண்ணறிவு விவரிப்பு வந்தபிறகு யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ள முடிகிறது. விவரிப்பு சில நேரம் பிசகும். ஆனாலும் கேட்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிது.

இயந்திரமா மனிதனா என்று சோதிக்க, படத்தில் இருப்பதைப் பார்த்துச் சொல்லச் சொல்லும் கேப்சாவுக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. மனிதன் என்று நிரூபிக்கக் கண் வேண்டுமாம். வேறு புலன் வழியாகவும் ஒரு மாற்று தர வேண்டும் என்று 2008-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 அணுகல் நெறிமுறையிலேயே இருக்கிறது. இன்னும் கண்டுகொள்ளாத தளங்கள் ஏராளம். உதவி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் அதன் முதல் வரியே “நான் பார்வையற்றவன்” என்றாகிவிடும். முன்பின் தெரியாத ஒருவருக்கு, ஒரு கணக்கைத் திறப்பதற்காக!

கடைசியில் தன்விவரத்திலேயே ஒரு வரி எழுதிவைத்துவிட்டேன். படம் போடும் சிலர் இப்போது கீழே இரண்டு வரி விவரம் சேர்க்கிறார்கள், பெரிய நிம்மதி. ஆனால் விவாதத்தில் வரிந்துகட்டி நின்றவர், அந்த வரியைப் படித்ததும் “உங்களைப் பார்த்தா ஊக்கமா இருக்கு சார்” என்று கும்பிட்டு விலகிவிடுகிறார். நான் கேட்ட கேள்வி பதிலில்லாமல் அப்படியே கிடக்கிறது.