மலை நகரத்தில் ஓர் அம்மா உணவகம்

சென்ற மார்கழியில், நீலகிரியின் நகராட்சி ஒன்றில் இயங்கும் அம்மா உணவகத்தில் ஒன்பது நாட்கள் தொடர்ந்து காலை உணவு சாப்பிட்டேன். தங்கை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள். இரவு முழுவதும் உடனிருந்துவிட்டு ஏழு மணிக்கு வெளியே வந்தால், சூடாகக் கிடைத்த முதல் உணவு அங்குதான் இருந்தது. ஊரின் பெயரை எழுதவில்லை, ஏனெனில் நான் சொல்லப்போகும் குறைகளால் அங்கே வேலை செய்யும் பெண்களுக்குத் தொல்லை வரக்கூடாது.

இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பின்னர் சேர்க்கப்பட்ட பொங்கலைத் தவிர, 2013 பிப்ரவரியில் முதலமைச்சர் ஜெயலலிதா சென்னையில் இத்திட்டத்தைத் தொடங்கியபோது இருந்த விலைகள்தாம் இவை. மலையில் ஒரு தேநீரின் விலையில் நான்கு பேர் பசியாறிவிடலாம். உறைபனி விழும் இந்தக் குளிரில் இட்லி மாவு ஓர் இரவில் புளித்துவிடாது என்பது இங்கே வீடு நடத்தும் எவருக்கும் தெரியும். ஆனாலும் இட்லி கல்லாக இல்லாமல் இருந்ததைப் பார்த்து, பரிமாறிய அக்காவிடம் கேட்டேன். முந்தைய நாள் மதியமே அரைத்து, அடுப்புச் சூடு ஆறுவதற்குள் பாத்திரத்தை அதன் அருகே நகர்த்திச் சாக்குப் போர்த்தி வைப்பதாகச் சொன்னார். "தட்டை ரெண்டு கையாலயும் பிடிங்கம்மா, கொஞ்சம் சூடேறும்" என்று அவரே சொல்லிக்கொடுத்தார். கேரட் மூட்டை ஏற்றிவிட்டு வந்தவர்களும், சுற்றுலா வண்டி ஓட்டுநர்களும், மருத்துவமனைச் சீட்டை மடித்துக் கையில் வைத்திருந்த தோட்டத் தொழிலாளப் பெண்களும் அப்படித்தான் தட்டை அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

பொங்கலில் மிளகு தாராளமாக இருந்தது. சாம்பார் மட்டும் பல நாட்கள் நீர்த்துப் போயிருந்தது, பருப்பைத் தேட வேண்டியிருந்தது. உட்கார இடம் கிடையாது. முதியவர்களுக்காவது இரண்டு பெஞ்சு போடலாம். எட்டரை மணிக்கு மேல் வந்தவர்கள் இட்லி தீர்ந்துவிட்டதென்று திரும்பியதையும் பார்த்தேன்.

ஒரு உணவகத்தைப் பற்றிய குறிப்பில் ஜெயலலிதாவின் அரசியலைப் பேச வேண்டுமா என்று கேட்கலாம். இந்த உணவகத்தைப் பொறுத்தவரை பேசியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. 1982இல் அவர் அ.தி.மு.க.வில் சேர்ந்தார், அதே ஆண்டு எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் உயர்நிலைக் குழுவில் உறுப்பினராக்கப்பட்டார். திரையிலிருந்து வந்தவருக்கு அரசுப் பணியின் முதல் பாடமே சோறுதான். எம்.ஜி.ஆர். மறைந்து கட்சி உடைந்த நிலையில், 1989இல் சேவல் சின்னத்தில் நின்ற தம் அணிக்கு 27 இடங்களைப் பெற்று, தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார், 1991இல் முதலமைச்சரானார். பிறகு 1995இல் வளர்ப்பு மகனின் ஆடம்பரத் திருமணம் வந்தது. அதை மக்கள் மன்னிக்கவில்லை; அடுத்த ஆண்டு பர்கூரில் அவரே தோற்றார், கட்சிக்குக் கிடைத்தவை 4 இடங்கள். அவர் 2011இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது குடும்ப அட்டைக்கு 20 கிலோ விலையில்லா அரிசி கொடுத்ததையும், இரண்டு ஆண்டுகளில் இந்த உணவகங்களைத் திறந்ததையும், அந்தத் தோல்வியிலிருந்து அவர் கற்றுக்கொண்டதாகவே நான் பார்க்கிறேன்.

மலைக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் ஜெயலலிதா என்றதும் கோத்தகிரிக்கு அப்பாலுள்ள கோடநாடு பங்களாவைத்தான் கேட்கிறார்கள். அவர் வாரக்கணக்கில் தங்கி அங்கிருந்தே ஆட்சியை நடத்திய அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயர் சொத்துக் குவிப்பு வழக்கிலும் இடம்பெற்றது. 2014 செப்டம்பரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்ததால் பதவியை இழந்தார். 2015இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2016 டிசம்பர் 5 அன்று அவர் இறந்த பிறகு, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பையே உறுதி செய்தது. அவரை மதிக்கிறவர்கள் இதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கோடநாட்டின் வாயிற்கதவு எங்களுக்குத் திறந்ததில்லை, இந்த உணவகத்தின் கதவு காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. இரண்டுமே ஒரே கையால் வந்தவைதாம். அந்த ஒன்பது நாட்களும் எனக்கு உதவியது இரண்டாவது.

2021இல் ஆட்சி மாறிய பின்னும் இந்த உணவகம் மூடப்படவில்லை, நல்ல செயல். சாம்பாருக்கான பருப்பின் அளவையும் யாராவது கவனித்தால், மருத்துவமனை வாசலில் இதைவிட நல்ல காலை உணவு இருக்காது.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள், சில்லறை எடுத்துச் செல்லுங்கள். பார்சல் தருவதில்லை; நோயாளிக்கு வேறிடத்தில்தான் வாங்க வேண்டும்.